இராமநாதபுரம் கடற்கரையின் அரசு உயர்நிலைப் பள்ளிகளும் விளையாட்டு மரபும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நீளும் கடற்கரையில் உள்ள அரசு உயர்நிலைப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களிடம் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தாம் வந்து சேர்கின்றன. கேட்பவர்கள் பெரும்பாலும் ஆறாம் வகுப்பில் பிள்ளையைச் சேர்த்த பெற்றோர். சில நேரம் வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் பழைய மாணவர்கள். இக்கடற்கரைப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றியவன் என்ற முறையில் அக்கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

உயர்நிலைப் பள்ளிக்கும் மேல்நிலைப் பள்ளிக்கும் விளையாட்டில் என்ன வேறுபாடு?

உயர்நிலைப் பள்ளி பத்தாம் வகுப்போடு முடிகிறது. பள்ளிப் போட்டிகள் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று மூன்று பிரிவுகளாக நடப்பதால், உயர்நிலைப் பள்ளிக்கு முதல் இரண்டு பிரிவுகளே உரியவை. அவற்றிலும் 17 வயதுப் பிரிவில் ஓர் இடர் உண்டு. பத்தாம் வகுப்பில் படிக்கும் நம் பதினைந்து வயதுப் பிள்ளை, பக்கத்து மேல்நிலைப் பள்ளியின் பிளஸ் ஒன் மாணவனோடு மோத வேண்டியிருக்கிறது. அந்த வயதில் ஓர் ஆண்டு என்பது உயரத்திலும் எடையிலும் பெரிய இடைவெளி.

இதைவிடப் பெரிய இடர், அணி கலைந்துபோவது. எட்டாம் வகுப்பில் ஆட்டம் பிடிபட்டு, ஒன்பதில் தேறி, பத்தில் ஒருவரையொருவர் கண்ணசைவில் புரிந்துகொள்ளும் நிலைக்கு வந்த ஏழு பேர், அடுத்த ஜூனில் நான்கு வெவ்வேறு பள்ளிகளில் சேர்ந்துவிடுகிறார்கள். ஆகவே உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டு மரபை அலமாரியில் உள்ள கோப்பைகளை வைத்து மதிப்பிட முடியாது. போன ஆண்டு பத்தாம் வகுப்பு முடித்துப் போனவர்கள் இந்த ஆண்டும் மாலையில் மைதானத்துக்கு வருகிறார்களா என்பதே உரைகல். வந்தால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கபடியில் கால் பிடிக்கும் வித்தையை அவர்களே கற்றுத் தந்துவிடுவார்கள். வராத பள்ளியில் ஒவ்வோர் ஆண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும். அணித்தலைவர் பொறுப்பை ஒன்பதாம் வகுப்பு மாணவருக்குக் கொடுப்பதும் நல்ல வழக்கம். அவர் அடுத்த ஆண்டும் இருப்பார்.

போட்டிகள் எந்த வரிசையில் நடக்கின்றன?

முதலில் அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்கு இடையிலான குறுவட்டப் போட்டி, அதில் தேர்வானவர்களுக்கு வருவாய் மாவட்டப் போட்டி, அதன்பின் மாநிலப் போட்டி. குடியரசு தின விளையாட்டுப் போட்டிகள், பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகள் என்ற பெயர்களில் பள்ளிக்கல்வித் துறை நடத்துபவை இவையே. மாநில அளவில் தேர்வு பெறுவோர் இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் தேசியப் போட்டிகளுக்குச் செல்வார்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் முதலமைச்சர் கோப்பை தனி வரிசை. அதற்கு இணையத்தில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். இரண்டையும் ஒன்றென எண்ணி ஒன்றைத் தவறவிடுபவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

மாவட்ட அளவிலான தடகளம் பெரும்பாலும் இராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கத்தில் நடக்கும். கீழக்கரை வள்ளலின் பெயரும் சேதுநாட்டு மன்னர் மரபின் பெயரும் ஒரே பலகையில் இருப்பது இம்மாவட்டத்துக்குப் பொருத்தமானதே.

வயதுக்கு என்ன சான்று வேண்டும்?

பிறப்புச் சான்றிதழ், ஆதார், எமிஸ் எனப்படும் கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவு ஆகிய மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். வயதுப் பிரிவு பிறந்த தேதியை வைத்தே முடிவாகிறது. படிக்கும் வகுப்பு கணக்கில் வராது. பெயரின் முன்னெழுத்து மாறியிருந்தால் ஜூன் மாதத்திலேயே சரிசெய்துவிடுங்கள். மாநிலப் போட்டிக்கு முந்தைய நாள் இ-சேவை மையத்தின் வாசலில் நிற்பது வீரருக்கு நல்ல பயிற்சி அன்று.

ஏன் எல்லாப் பள்ளியிலும் கபடிக்கே முதலிடம்?

செலவு குறைவு என்பது எல்லோரும் சொல்லும் காரணம். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை அன்று. மணல் இருக்கும் இடமெல்லாம் கபடிக் களம் என்பதும், ஊர்த்திருவிழா தோறும் மின்விளக்குக் கட்டி நடக்கும் தொடர் ஆட்டங்களைப் பார்த்தே பிள்ளைகள் வளர்கிறார்கள் என்பதும் அதைவிட வலுவான காரணங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த 61 நாட்களும் பெரும்பாலும் கோடை விடுமுறையோடு ஒட்டியே வருவதால், தந்தையும் அண்ணனும் தம்பியும் ஒரே களத்தில் ஆடும் வாய்ப்பு வேறெந்த மாதத்திலும் கிடைப்பதில்லை.

கரைவலை இழுக்கும் குடும்பத்துப் பிள்ளைகளின் பிடி தனியாகத் தெரியும். பாடி வருபவரின் கணுக்காலை எட்டிப் பிடிக்கும்போது மற்றவர்கள் கையால் இழுப்பார்கள்; இவர்கள் குதிகாலை மண்ணில் ஊன்றி, இடுப்பைத் தாழ்த்தி, உடல் முழுவதையும் பின்னுக்குச் சாய்த்து இழுப்பார்கள். யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததில்லை அது. ஆனால் அந்தப் பிடியை மட்டும் நம்பினால் மாவட்ட அளவோடு ஆட்டம் முடிந்துவிடும். மாவட்டத்துக்கு மேற்பட்ட போட்டிகள் செயற்கை விரிப்பில், அதற்குரிய காலணியோடு ஆடப்படுகின்றன. மணலில் குதிகால் புதையும், விரிப்பில் வழுக்கும். மணலில் விழுந்தால் தூசு தட்டி எழுந்துவிடலாம், விரிப்பில் முழங்கை சிராய்த்துவிடும். போட்டிக்கு ஒரு மாதத்துக்கு முன்பாவது விரிப்பு உள்ள இடம் ஒன்றில் சில நாட்கள் ஆடிப் பழக்குவது அவசியம்.

விதிகளிலும் ஊர் ஆட்டத்துக்கும் பள்ளி ஆட்டத்துக்கும் வேறுபாடு உண்டு. ஒரு முறை பாடிச் செல்ல 30 வினாடிகளே. எதிரணியில் ஆறு பேரோ அதற்கு மேலோ களத்தில் இருந்தால் மட்டுமே, அவர்கள் பக்கத்தில் உள்ள போனஸ் கோட்டைப் பாடுபவர் தாண்டினால் புள்ளி கிடைக்கும். ஆண்களுக்கான களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம்; பெண்களுக்கு 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். ஊரில் கண்ணளவில் கிழித்த களத்தில் பழகிய பிள்ளைக்கு, அளந்து போட்ட களத்தின் மூலை எங்கே முடிகிறது என்று கால் அறிவதற்கே சில நாட்கள் ஆகும்.

எங்கள் பிள்ளை கடலில் மீன்போல நீந்துகிறான். நீச்சல் போட்டிக்கு அனுப்பலாமா?

அனுப்பலாம், ஆனால் ஒரு குளத்தில் பழகிய பிறகு அனுப்புங்கள். பள்ளி நீச்சல் போட்டிகள் நீச்சல் குளத்தில் நடக்கின்றன. உப்பு நீர் உடலைத் தாங்குவதுபோல் நன்னீர் தாங்காது. அலையைப் பார்ப்பதற்காகத் தலையைத் தூக்கி நீந்திப் பழகிய பிள்ளைக்குக் குளத்தில் இடுப்பும் காலும் தாழ்ந்து வேகம் குறைந்துபோகும். சுவரைத் தொட்டுத் திரும்பும் முறை கடலில் கிடையவே கிடையாது. மார்பு நீச்சலில் இரு கைகளாலும் ஒரே நேரத்தில் சுவரைத் தொடாவிட்டால் தகுதி நீக்கம். முதலில் வந்தும் பதக்கம் கிடைக்காமல் கரையேறும் கடற்கரைப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

திறந்த கடல் நீச்சல் தனித்துறை. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட சுமார் 30 கிலோமீட்டர் கடலை 1966 ஏப்ரலில் மிஹிர் சென் நீந்திக் கடந்தார். 1994இல் குற்றாலீசுவரன் தம் 12ஆம் வயதில் கடந்தார். அவ்வகை நீச்சலுக்குப் பள்ளிப் போட்டிகளில் இடமில்லை. கடலோடு பழகிய பிள்ளைக்கு வேறு வழிகளும் உண்டு. பிறப்பன்வலசைக் கடற்கரையில் கயாக் போன்ற நீர் விளையாட்டுகள் நடக்கின்றன. பள்ளிப் போட்டிகளில் கடற்கரை வாலிபால் இருக்கிறது. இருவர் அணி, 16 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் உள்ள களம், மணலில் வெறுங்கால் ஆட்டம். இவ்வளவு நீண்ட கடற்கரையை வைத்துக்கொண்டு இந்த ஆட்டத்தை நாம் இன்னும் அரைமனதாகவே ஆடிக்கொண்டிருக்கிறோம் என்பது என் கருத்து.

பள்ளியில் ஓடுபாதை இல்லையே, தடகளப் பயிற்சி எப்படி?

400 மீட்டர் பாதைக்கு இடமுள்ள உயர்நிலைப் பள்ளி அரிது. 200 மீட்டர் பாதை போதும். அதைப் போடுவதற்கு ஒரு நீளமான கயிறு, நாலைந்து முளைகள், சுண்ணாம்புத் தூள், அளவு நாடா ஆகியவையே தேவை. கணக்கும் எளியது. நேர்ப்பகுதி ஒவ்வொன்றும் 40 மீட்டர் என்று வைத்தால் இரண்டுக்கும் 80 மீட்டர். எஞ்சும் 120 மீட்டரை இரு வளைவுகளும் பங்கிட்டால் வளைவுக்கு 60 மீட்டர். அரை வட்டத்தின் ஆரம் 19.10 மீட்டர். ஓட்டத்தின் நீளம் உட்கோட்டுக்கு 20 சென்டிமீட்டர் வெளியே அளக்கப்படுவதால், சுண்ணாம்புக் கோட்டை 18.90 மீட்டர் ஆரத்தில் போட வேண்டும். ஒவ்வொரு தடமும் 1.22 மீட்டர் அகலம். முழுச் சுற்று ஓட்டத்தில் ஒவ்வொரு வெளித் தடத்துக்கும் தொடக்கக் கோடு 7.67 மீட்டர் முன்னே நகரும். இந்தக் கணக்கை ஒன்பதாம் வகுப்புக் கணித வகுப்பில் மைதானத்துக்கே அழைத்துச் சென்று சொல்லிக் கொடுத்தால் பை என்ற எண்ணைப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

கயிறு விஷயத்தில் ஒரு கவனம் வேண்டும். படகில் கட்டும் நைலான் கயிறு எளிதில் கிடைக்கிறதே என்று அதை எடுத்தால், இழுக்க இழுக்க நீளும். ஒரு வளைவு பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் முடியும். நீளாத கம்பியோ எஃகு அளவு நாடாவோ நல்லது.

இந்தப் பாதையில் 100 மீட்டர் நேராக ஓட முடியாது என்பதையும் மறக்க வேண்டாம். ஓடி நிற்பதற்கும் இடம் சேர்த்து 120 மீட்டராவது நேர்ப்பகுதி வேண்டும். வறண்ட கண்மாய்ப் படுகையை இதற்குப் பயன்படுத்தும் பள்ளிகள் உண்டு. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அதுவும் கிடையாது. உவர் மண் மைதானம் மழையில் குழைந்து, காய்ந்ததும் பாளம் பாளமாக வெடித்து நிற்கும். ஆகவே ஓட்டப் பயிற்சியின் பெரும்பகுதியை அக்டோபருக்கு முன் முடித்துக்கொள்வது நம் பகுதிக்கு ஏற்ற திட்டம்.

வெறுங்காலோடு ஓடலாமா?

விதி அனுமதிக்கிறது. வெறுங்காலோடும், ஒரு காலில் மட்டும் காலணி அணிந்தும்கூட ஓடலாம். நம் மைதானங்களில் கேள்வி விதியைப் பற்றியதன்று, சீமைக் கருவேல முள்ளைப் பற்றியது. இம்மாவட்டத்தில் அந்த மரம் இல்லாத பள்ளி எல்லை இல்லை; காற்றடித்த மறுநாள் காலையில் பாதை முழுவதும் முள் கிடக்கும். அதனால்தான் பல பள்ளிகளில் பயிற்சிக்கு முன் பிள்ளைகள் தோளோடு தோள் வரிசையாக நின்று, குனிந்தபடியே மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்து முள் பொறுக்குகிறார்கள். வெளியூரிலிருந்து மாற்றலாகி வரும் ஆசிரியர்கள் இதைத் தண்டனை என்று நினைத்துவிடுவது உண்டு. முள் குத்தினால் முழுவதும் எடுத்துவிட்டதாக நம்பி விட்டுவிடக் கூடாது. நுனி உள்ளே ஒடிந்து சீழ் வைக்கும். வீக்கம் கண்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.

காலணி வாங்குவதானால் ஆணி வைத்த ஸ்பைக்ஸ் காலணியை மாவட்ட அளவு தாண்டிய பின் வாங்கினால் போதும். தடைக்காலம் முடிந்து வருமானம் தொடங்காத ஜூன் மாதத்தில் அதற்காகக் கடன் வாங்க வேண்டாம்.

பாம்பன், மண்டபம் பக்கம் அடிக்கும் காற்று ஓட்டத்தைப் பாதிக்காதா?

பாதிக்கும். 100 மீட்டர், 200 மீட்டர், நீளம் தாண்டுதல் ஆகியவற்றில் பின்காற்று வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் சாதனை ஏற்கப்படாது. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வீசும் மாதங்களில் தீவுப் பள்ளிகளில் கடிகாரம் காட்டும் நேரத்தை நம்பி மகிழ்வதும் வருந்துவதும் வீண். அந்நாட்களில் எதிர்காற்றில் குறுகிய தூரம் ஓடவைப்பது நல்ல பயிற்சி. வட்டு எறிபவர்களுக்கு மட்டும் எதிர்காற்று சற்று உதவும்.

பெண் பிள்ளைகளை அனுப்பலாமா? உடையைப் பற்றி வீட்டில் தயங்குகிறார்கள்.

முழுநீளக் கால்சட்டையும் முழுக்கைச் சட்டையும் அணிந்து ஓடத் தடையில்லை. தடகள விதி கேட்பது தூய்மையான, நனைந்தாலும் துணி வழியே உடல் தெரியாத, நடுவர்களின் பார்வையை மறைக்காத உடை. தலையை மூடி ஓடுவதும் அப்படியே. கபடியில் மட்டும் தளர்ந்து தொங்கும் துணி எதுவும் ஆபத்து. பிடிக்கும்போது கழுத்தை இறுக்கும். ஊக்கு, வளையல், கொலுசு எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும்.

உண்மையில் வீட்டார் கேட்க விரும்பும் கேள்வி வேறு: யார் உடன் வருவார்கள், இரவு எங்கே தங்குவார்கள் என்பதுதான். பெண்கள் அணி வெளியூர் செல்லும்போது ஓர் ஆசிரியை உடன் செல்ல வேண்டும் என்று நீங்கள் கேட்பது முறையே. தயங்காமல் கேளுங்கள். சின்னப்பாலம் போன்ற ஊர்களில் தாய்மார் மூச்சடக்கிக் கடற்பாசி எடுப்பவர்கள். அவர்களுடைய மகள்கள் 600 மீட்டர் ஓட்டத்தின் கடைசி நூறு மீட்டரில் தலை நிமிர்ந்து ஓடுவதைப் பார்த்தவர்கள் பெண்ணுக்கு ஓட்டம் எதற்கு என்று மறுபடி கேட்டதில்லை.

பள்ளி விளையாட்டு விழாவில் என்னென்ன நடக்கும்?

கொடியேற்றம், அணிவகுப்பு, சுடரோட்டம், உறுதிமொழி, பிறகு ஓட்டங்கள் என்ற வரிசை எல்லாப் பள்ளிக்கும் பொது. முன்பு சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று நிறங்களின் பெயரால் அணிகள் இருந்தன. 2024இல் அரசுப் பள்ளிகளில் மகிழ் முற்றம் என்ற மாணவர் குழு முறை தொடங்கப்பட்ட பின் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்கள். கடற்கரைப் பள்ளியில் எந்தக் குழுவுக்குப் போக எல்லோரும் ஆசைப்படுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. குலுக்கல் முடிந்ததும் குறிஞ்சிக்குப் போன பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் இடையே கயிறு இழுக்கும் போட்டி வைப்பது நல்ல வழக்கம். வலை இழுத்துப் பழகிய தந்தையரை ஆசிரியர் அணி வென்றதாக நான் கண்டதில்லை. இந்தப் போட்டிக்காகவே பள்ளி வாசலை மிதிக்கும் தந்தையர் உண்டு. அன்றைக்கு அவர்களிடம் மகனின் வருகைப்பதிவைப் பற்றியும் பேசிவிடலாம்.

விளையாடினால் படிப்பு கெடாதா?

காலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முன் முடியும் பயிற்சியும், மாலையில் ஒரு மணி நேரமும் படிப்பைக் கெடுப்பதில்லை. கெடுப்பது வெறும் வயிறு. அரசின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆறு முதல் பத்து வரை மதியச் சத்துணவும் முட்டையும் உண்டு, காலையில் ஒன்றுமில்லை. விடியற்காலையில் ஓடிய பிள்ளை மதியம்வரை பசியோடு அமர்ந்திருந்தால் எந்தப் பாடமும் ஏறாது. ஊறவைத்த நிலக்கடலையோ, பழைய சோறோ, நீராகாரமோ கொடுத்து அனுப்புங்கள். குடிநீரும் வீட்டிலிருந்தே வரட்டும். பல ஊர்களில் பள்ளிக் குழாய் நீர் உப்புக் கரிக்கும், பிள்ளைகள் குடிக்காமலே இருந்துவிடுவார்கள்.

பயனைப் பொறுத்தவரை, விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் 7, 8, 9, 11ஆம் வகுப்புகளில் தேர்வு மூலம் சேரலாம். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்களும், தமிழ்நாடு அரசுப் பணிகளில் 3 சதவீத ஒதுக்கீடும் உள்ளன. குறுவட்டச் சான்றிதழால் இவை கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். எந்த அளவிலான போட்டிக்கு எந்தப் படிவம் என்பது அறிவிப்பில் தெளிவாக இருக்கும். சான்றிதழ்களை நெகிழி உறையில் போட்டு வையுங்கள். உப்புக் காற்றில் தாள் சீக்கிரம் பழுத்துவிடுகிறது.

தீவுப் பள்ளிகளிலிருந்து மாவட்டப் போட்டிக்கு வருவது எப்படி?

இராமேசுவரத்திலிருந்து இராமநாதபுரம் சுமார் 55 கிலோமீட்டர். 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் தொடர்வண்டிப் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கும்வரை எல்லா அணிகளும் சாலைப் பாலத்தின் வழியே பேருந்தில்தான் வந்தன. இப்போதும் போட்டி நாளுக்குப் பேருந்தே நம்பகமானது. காற்று கூடினால் பாலத்தில் தொடர்வண்டியை நிறுத்திவிடுவார்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசையை ஒட்டிய நாட்களில் போட்டி வந்தால் முதல் நாளே புறப்பட்டு, நகரில் உள்ள பள்ளி ஒன்றில் தங்கிக்கொள்வது நல்லது. நின்றுகொண்டே பயணம் செய்த காலோடு ஓட முடியாது.

பழைய மாணவர்கள் உதவ விரும்பினால் என்ன செய்யலாம்?

பணமாகத் தருவதானால் 2022இல் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளித் திட்டத்தின் வழியாகத் தரலாம். பொருளாகத் தருவதானால் தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் பேசிவிட்டுத் தாருங்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் ஆளுயரக் கோப்பையும் பெயர் பொறித்த சீருடையும் வாங்கி வருகிறார்கள். பள்ளிக்கு வேண்டியவை வேறு: இரண்டு வாலிபால், ஓர் எஃகு அளவு நாடா, தொடர் ஓட்டக் கோல்கள், முதலுதவிப் பெட்டி, தேசியப் போட்டிக்குத் தேர்வான பிள்ளைக்கு வழிச்செலவு. தொடர் ஓட்டக் கோல் 28 முதல் 30 சென்டிமீட்டர் நீளமும் 50 கிராமுக்குக் குறையாத எடையும் உடையதாக இருக்க வேண்டும். பிளம்பிங் குழாயை அறுத்து வாங்கி வந்தால் எடை பார்த்து வாங்குங்கள்.

உள்ளூரில் இருப்பவர்கள் பணம் தர வேண்டியதில்லை. தலைமையாசிரியரின் அனுமதி பெற்று, வாரத்தில் இரண்டு மாலை மைதானத்துக்கு வாருங்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஆடுவதைவிட ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஆடுங்கள். அவர்களுக்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இப்பள்ளியில் இருக்கின்றன.